அடுப்புக்கு மேலே ஏறிய போத்தல்கள்

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. யார் மேல் என்று கேட்டால்தான் பதில் சொல்லத் தெரியவில்லை.

நுவரெலியாவில் தண்ணீர் பரிசோதிக்கும் லேப் ஒன்றில் எனக்கு வேலை. அண்ணனும் அண்ணியும் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறார்கள். அண்ணிக்கு அப்போது ஐந்து மாதம். அவர்களுடைய லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் பீலிக் குழாய்க்கு மேலேதான் தோட்டத்து ஆட்கள் பூச்சி மருந்தைப் பீப்பாயில் கலக்குவார்கள். மழை பெய்தால் சிந்தினது எங்கே வழியும்? நேரே குடத்துக்குத்தான். கேட்டால் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சொல்வார்: “அதெல்லாம் தண்ணியில ஒரு வாரத்துல செத்துரும். டப்பாவுலயே போட்டிருக்கு. ஒரு வாரம் பைப்ப மூடித்தானே வைக்கிறோம், அப்புறம் என்னா?”

டப்பாவில் போட்டிருப்பது வெதுவெதுப்பான தண்ணீரில் பார்த்த கணக்கு. எங்கள் மலைத் தண்ணீர் பல்லைக் கூச வைக்கும் குளிர். லேசான புளிப்புத் தன்மையும் உண்டு. இந்த மருந்து அதில் மெதுவாகத்தான் சிதையும். எவ்வளவு மெதுவாக என்று நானே பார்த்துவிட நினைத்தேன். லேப்பில் குளிரில் வைக்கும் பெட்டி பழுதாகிக் கிடந்தது. அதனால் பீலித் தண்ணீரில் மருந்தை அளந்து கலந்து, சின்னப் போத்தல்களில் இறுக மூடி, வெளிச்சம் படாமல் கறுப்புத் துணி சுற்றி, அண்ணன் வீட்டுப் பின்புறம் ஒரு வாளித் தண்ணீருக்குள் வைத்துவிட்டு வந்தேன். வாரம் ஒரு போத்தலாக அண்ணன் மரக்கறி லொறியில் கொடுத்தனுப்புவார், நான் அளந்து பார்ப்பேன். யாரும் வாளியைத் தொடக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

முதலில் வந்த போத்தலிலேயே பாதி மருந்தைக் காணோம். அடுத்ததில் பேருக்குத்தான் இருந்தது. என் மேலதிகாரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பாத்தியா, நீ சும்மா பயந்த” என்று சொல்லி, அப்போதே தோட்டத்துக்கும் போன் போட்டுவிட்டார். அவர்களுக்கு அது போதாதா? அடுத்த தடவை மருந்தடித்த மறுநாளே பைப்பைத் திறந்துவிட்டார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். வாளி காலி. குசினிக்குள் நுழைந்தால் அடுப்புக்கு மேலே, விறகு காயப் போடும் தட்டில், என் போத்தல்கள். தொட்டால் சுட்டது.

“ஐயோ கடவுளே! என்னா அண்ணி இது?”

“மழையில ஊறிக் கெடந்துச்சு புள்ள. சுத்தியிருந்த துணியெல்லாம் பூசணம் புடிச்சிருச்சு. பாவமா இருந்துச்சு, அதான் காயட்டும்னு மொத போத்தல் அனுப்புறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சேன்.”

மழைக்காலத்தில் எங்கள் லயங்களில் அடுப்புக்கு மேலே ஏறாத பொருள் எது? உப்பு, தீப்பெட்டி, பிள்ளைகள் காலில் போடும் சப்பாத்து, எல்லாம் ஏறும். என் ஆராய்ச்சியும் ஏறிவிட்டது. தலையில் அடித்துக்கொண்டேன். இனிமேல் வேறு ஊற்றிலிருந்து வரும் கீழ்ப் பீலியில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று அண்ணியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

மேலதிகாரி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. “வந்த ரிசல்ட் வந்ததுதானே, அத ஏன் கிண்டுற?” என்றார். எதைத்தான் சொல்லிப் புரியவைப்பது! என் வாடகை அறைக்கு வெளியே வாளியை வைத்து முதலிலிருந்து தொடங்கினேன். வாளிக்குப் பூட்டுப் போடாத குறைதான். வாரக் கணக்காக அளந்தும் மருந்து கிட்டத்தட்ட போட்டது போட்டபடி இருந்தது. அந்த ரிசல்ட்டைக் கொண்டுபோய்க் கணக்கப்பிள்ளையின் முகத்துக்கு நேரே நீட்டினேன். பைப்பை மூடினார்கள். பீப்பாயும் இரண்டு பீலிக்கும் கீழே இறங்கியது.

ஜெயித்துவிட்ட மிதப்பில் லயத்துக்குப் போய், எல்லாவற்றையும் அண்ணியிடம் சொன்னேன். “நீங்க மட்டும் அந்தப் போத்தல தொடாம இருந்திருந்தா...” என்று இழுத்தேன். அண்ணி அடுப்புப் பக்கம் திரும்பினார்.

“சூட்டுலதானே புள்ள அந்த மருந்து செத்துச்சு?”

“ஆமா.”

“நீ சொல்ற வரைக்கும் அந்தத் தண்ணிய நானும் கொதிக்க வச்சுத்தானே குடிச்சேன்?” இரண்டு கைகளும் வயிற்றில் இருந்தன. “அப்ப இதுக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுல்ல?”

போத்தல்கள் இரவு பகலாகச் சூட்டில் கிடந்தன. கேத்தல் கொதிப்பது எவ்வளவு நேரம்? இதை எந்த வாயால் சொல்வேன்?

“நாளைக்கே க்ளினிக்குக்குப் போவோம் அண்ணி” என்றேன்.