கல்யாணச் சட்டை

ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டி நிறைய விசைத்தறித் துண்டுத்துணிகள் கிடந்தன. அதெல்லாம் தீரும்வரை புதுத்துணி வாங்குவதில்லை என்று முடிவு செய்து, நானும் மாமியாரும் என் குழந்தைக்கு ஒட்டுப்போர்வை தைத்துக்கொண்டிருந்தோம். குவைத்துக்கு வேலைக்குப் போன என் கணவரிடமிருந்து மாதக்கணக்கில் போன் வரவில்லை. அதைப் பற்றி இருவருமே பேசுவதில்லை.

போர்வையின் நடுவே வைக்க அழுத்தமான நீலம் வேண்டியிருந்தது. பெட்டியில் நீலமாக இருந்தது என் கணவருடைய கல்யாணச் சட்டை மட்டும்தான்.

“கடைல ஒரு துண்டு வாங்கியாந்துர்றேன் அத்த,” என்று செருப்பை மாட்டினேன்.

“வாங்கவாணாம்னு பேசிக்கினோமே. இது சும்மாதான கெடக்குது,” என்று அத்தை கத்தரிக்கோலை எடுத்தார்.

“அத வெட்டாதீங்க. அவரு வரமாட்டார்னு நாமளே சொல்ற மாதிரி ஆயிடும்.”

“வந்தா வேற சட்ட எடுத்துக்குவான்.”

சட்டையின் முதுகுப் பக்கத்தை நேராக வெட்டினார். எவ்வளவு கல்நெஞ்சு என்று நினைத்தேன்.

சில வாரம் கழித்து, பக்கத்து வீட்டுப் போனில் கணவர் அழைத்தார். முதலாளி பிடுங்கி வைத்திருந்த பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது, ஊருக்கு வருகிறேன் என்றார். ரிசீவரை அத்தையிடம் கொடுத்தேன். எப்படி இருக்கிறாய் என்றுகூட அவர் கேட்கவில்லை.

“நைனா, உன் சட்டைய வெட்டிட்டேன்,” என்றவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

அத்தனை மாதமும் எதிரெதிரே உட்கார்ந்துதான் தைத்திருக்கிறோம். என்னைவிட அதிகமாகப் பயந்துகொண்டிருந்தவர் அவர்தான் என்பது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.