நாகவேணி காட்டும் வீடு

கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நாகவேணி ஹெக்டே காலி வீட்டில் அறை அறையாக நடக்கிறார். எந்த மூலையில் சிக்னல் குறைகிறது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அடுத்து, குளியலறை வீட்டுக்கு உள்ளேயே இருக்கிறதா என்று திறந்து பார்க்கிறார். கடைசியில் வாசலில் நின்று, பஸ் நிறுத்தம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று எட்டிப் பார்க்கிறார். மூன்றும் சரியாக இருந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவார்: "கவலைய விடுங்க. இந்த வீட்டுக்குப் பொண்ணு வரும்."

கர்நாடகத்தில் சிர்சிக்கு மேற்கே இருக்கும் ஹுலிகட்டே என்ற சின்ன டவுனில் புதிதாகப் பிழைக்க வருகிறவர்கள் அபூர்வம். ஆனாலும் அங்கே வாடகை வீடு குதிரைக் கொம்புதான். சுற்றுப்பட்டு கிராமங்களில் பத்து அறை ஓட்டு வீடுகள் உண்டு, பாக்குத் தோட்டம் உண்டு, முப்பத்தைந்தைத் தாண்டியும் கல்யாணமாகாத மாப்பிள்ளைகளும் உண்டு. பெண் கேட்டுப் போனால், "டவுன்ல வீடு இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. ஆகவே பத்து அறையைப் பூட்டிவிட்டு இரண்டு அறைக்கு அடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் எல்லோரும் வந்து நிற்பது வீட்டுத் தரகரான நாகவேணியிடம்.

"பையனுக்கு என்ன வயசு?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்.

"வீடு கேட்டா வயசு எதுக்கு அக்கா?"

"முப்பதுன்னா மாடி போர்ஷன் போதும். நாப்பத நெருங்கிட்டான்னா பஸ் ஸ்டாண்ட் பக்கமா, தனி வீடா பாக்கணும். வயசு ஏற ஏற வீடு நல்லா இருக்க வேணாமா?"

பெங்களூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பொறியாளர் பள்ளத்தாக்கு ஓரத்தில் வாடகைக்கென்று வீடு கட்டினார். ஜன்னலைத் திறந்தால் மலையும் மேகமும். இரண்டு மழைக்காலமாக ஆள் வரவில்லை. "சீனரியப் பாத்து எவ கழுத்த நீட்டுவா சார்? அம்மாகிட்ட போன்ல பேசணும்னா அவ குன்னு ஏறணும்" என்று நாகவேணி முகத்துக்கு நேராகவே சொன்னார். மனிதர் அதற்குப் பிறகு இவரைக் கண்டால் வேறு தெருவில் திரும்பிவிடுகிறார்.

ஊருக்கெல்லாம் வீடு பிடித்து மருமகள் கொண்டுவந்தவரின் சொந்த வீட்டில் மருமகள் இல்லை. ஓடைக்கு அப்பால், தோட்டத்து நடுவில் இருக்கும் வீட்டில் அவரும் மகன் ஸ்ரீபாதனும் மட்டும்தான். கணவர் காலமாகிவிட்டார். மழை வலுத்தால் ஓடையைத் தாண்ட முடியாது. அதனால் தபாலாபீஸ் தெருவில் ஒரு வீடு காலியானபோது நாகவேணி அதை யாருக்கும் காட்டவில்லை. தானே வாடகைக்குப் பிடித்தார்.

"தோட்டத்த யாரு பாக்குறது?" என்றான் மகன்.

"பைக் எதுக்கு வாங்கின? காலைல போ, சாயங்காலம் வா."

பின்கட்டு அறையைத் தனக்கென்று வைத்துக்கொண்டு, தன் கட்டிலையும் ஜீப்பில் ஏற்றி வந்து போட்டுவிட்டார். "கிணத்துல எறச்சு எறச்சு முட்டி போச்சு. இனிமே குழாயத் திருகினாப் போதும்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் அவர் சொன்னபோது குரலில் சந்தோஷம் வழிந்தது. தெருமுனையில் டாக்டர் இருப்பதையும் சேர்த்துச் சொன்னார்.

எல்லாபுரம் என்ற ஊரிலிருந்து பெண் வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். பெண்ணின் பெயர் வைதேகி. அவளுக்கு ஸ்ரீபாதனைப் பிடித்திருந்தது, வீடும் பிடித்திருந்தது. அவளுடைய அம்மா பின்கட்டு அறை வரை போய்க் கட்டிலைப் பார்த்துவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்களும் இங்கதான் இருப்பீங்களா?"

அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ மாப்பிள்ளை வீட்டு அம்மாக்களுக்கு நாகவேணிதான் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இப்போது அது அவரிடமே வந்து நின்றது. மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் முந்திக்கொண்டார்.

"நானா? தோட்டத்த விட்டுட்டு எங்க வர்றது? கட்டில் சும்மா கெடக்கு, நாளைக்கு ஜீப்புல போயிடும்."

பெண்ணின் அம்மா முகம் தெளிந்தது.

அந்த வட்டாரத்தில், வந்தவர்களுக்கு வீட்டின் எஜமானிதான் முதலில் வெல்லமும் தண்ணீரும் கொடுக்க வேண்டும். நாகவேணி உள்ளே போய்த் தட்டை எடுத்து வந்தார். வந்தவர்கள் முன்னால் அதை நீட்டாமல், வைதேகியை எழுந்திருக்கச் சொல்லி அவள் கையில் கொடுத்தார். பிறகு சுற்றி வந்து, விருந்தாளிகள் உட்கார்ந்திருந்த பாயின் கடைசியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"எனக்கும் கொஞ்சம் குடும்மா" என்று கையை நீட்டினார்.