கொப்பரை உலர்ந்த அறை

வாசகரே, நீங்களே சாட்சியாக இருந்து கேளுங்கள். நான் இப்போது வாழும் வைட்ஃபீல்ட் அடுக்ககத்தின் மொட்டைமாடி விருந்துகளில் கரி கனலும் வாசம் எழும்போதெல்லாம், இன்று இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் ஸ்ரீராம்புரத்து ஒற்றையறை வீடு என்னை அச்சுறுத்துகிறது.

சங்கராந்திக்கு முந்தைய வாரம் முழுவதும் அம்மா கொப்பரையையும் வெல்லத்தையும் பொடிப்பொடியாக நறுக்கி, எள்ளோடு கலந்து தெருவுக்கெல்லாம் பங்கிட வெயிலில் உலர்த்துவார். நான் சிறுவனாக இருந்த ஓராண்டு வெயிலே வராததால், கனலும் கரியடுப்பை உள்ளே வைத்து, குளிருக்கு அஞ்சிக் கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டார். வெல்ல வாசமும் கதகதப்பும் சூழ்ந்திருக்க, கம்பளிக்குள் தங்கையின் தலை துவண்டு கிடந்தது.

"அம்மா, பாப்பா எழுப்பினா எழுந்துக்கல."

"கத்தாதடா, தூங்கட்டும்," என்ற அம்மாவின் குரலே குழறியது. வெல்லக் கட்டி கையிலிருந்து நழுவியது.

தலை சுற்ற, தாழ்ப்பாளைத் திறந்து நான் அலறிய அலறலில் பக்கத்து வீட்டு கௌரம்மா ஆன்ட்டி ஓடிவந்தார். "அய்யோ தேவரே, கடவுளே! கரி அடுப்பை வெச்சுக் கதவைச் சாத்துவாங்களா?" என்று அம்மாவையும் தங்கையையும் தெருவுக்கு இழுத்தார். குளிர்காற்று பட்டதும் தங்கை இருமி, வீறிட்டு அழுதாள். பின்னாளில் மேடைகளில் பேசி எத்தனையோ கைதட்டல்களைப் பெற்றிருக்கிறேன். அந்த அழுகைக்கு அவை ஈடாகா.

அவளை மடியில் அணைத்திருந்த அம்மாவிடம் உரக்கச் சொன்னேன்: "இனிமே எனக்குப் பயம் வந்தா, நீயே வாயை மூடச் சொன்னாலும் கத்துவேன்மா."