படத்தின் கீழ்ப்பாதி

எங்கள் அத்தான் போர் விமானம் வரைகிறவர். விமானங்கள் தாழப் பறந்து வந்து பாலத்தையும் ரயிலையும் குண்டு போட்டுத் தகர்க்கும் காட்சிகள்தான் அவருக்குச் சோறு போட்டன. இறக்கையில் ஒரு ரிவெட் ஆணி குறைந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. ஆனால் ஒரு மரத்தை வரையச் சொன்னால் துடைப்பத்தைத் தலைகீழாக நட்டுவைத்த மாதிரி வரைவார். அதனால் கல்யாணமான புதிதிலிருந்தே படத்தின் கீழ்ப்பாதி என் அக்காவின் வேலையாயிற்று. வயல், தண்டவாளம், கூரை, புகை எல்லாம் அவள் கைவண்ணம். கையெழுத்து மட்டும் அவருடையது.

அவருடைய போர் எப்போதும் அந்திவெயிலில்தான் நடக்கும். புகைகூட ஒழுங்கு மரியாதையாகச் சுருண்டு எழும். தரையில் மனிதர்கள் இருக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். வாங்குகிறவர்கள் வரவேற்பறையில் மாட்டுவார்களாம், கண்ணை உறுத்துமாம். அக்காவுக்கு வரையப் பிடிக்கும், வரைய வேறு இடமும் இல்லை. ஆளில்லாத ஊர்களாக வரைந்து தள்ளினாள்.

ஒருமுறை விமானப்படை ஓய்வுபெற்றோர் சங்கத்திலிருந்து ஒரு பெரிய வேலை வந்தது. எங்கள் ஊர் ரயில் நிலையத் தாக்குதலை வரைய வேண்டும். போரில் எதிரி எங்கள் ஊரைப் பிடித்திருந்தபோது, நம் விமானங்களே வந்து அங்கே நின்ற வெடிமருந்து ரயிலை அடித்தன. அப்பா அந்த நிலையத்தில் பெட்டிகளை இணைக்கிற வேலை பார்த்தார். சிறுமியான அக்காவைக் கூட்டிக்கொண்டு அம்மா அவருக்குச் சாப்பாடு எடுத்துப் போயிருந்தாள். கைக்குழந்தையான என்னைச் சித்தியிடம் விட்டுப் போனதால் நான் இருக்கிறேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் விழுந்ததால் அக்கா இருக்கிறாள். அப்பாவும் அம்மாவும் இல்லை.

அத்தானுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் வேலையை ஒப்புக்கொண்டார். “உனக்குத்தான் அந்த இடம் நல்லாத் தெரியுமே, ரொம்ப வசதியாப் போச்சு” என்று அக்காவிடமே சொன்னார். கல்யாணத்தில் அந்த ஆளுக்கு நான்தான் பன்னீர் தெளித்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் கை கூசுகிறது.

அக்கா வரைந்தாள். நடைமேடையில், கையில் தூக்குப் பாத்திரத்தோடு நகத்தளவு ஒரு பெண்ணையும் வைத்தாள். அத்தான் கண்டுபிடித்து, அவளைக் கேட்காமலே அதன்மேல் புகையை அப்பினார். அவர் சொந்தமாக வரைந்த ஒரே புகை அதுதான். காயத்துக்கு வைத்த பஞ்சு மாதிரி இருந்தது.

படத்தை அச்சடித்த பிரதிகளில், விலை கூடுவதற்காகக் கையெழுத்துப் போட, அந்தத் தாக்குதலில் பறந்த விமானி ஒருவர் வீட்டுக்கு வந்தார். நான் அன்று அங்கே இருந்தேன். அத்தான் தொங்கட்டான் மாதிரி அவர் பின்னாலேயே ஆடிக்கொண்டிருந்தார். விமானி தேநீரை உறிஞ்சியபடி, தந்திக் கம்பிக்கும் கீழே பறந்த கதையைச் சொன்னார். அக்கா, கீழே யாராவது தெரிந்தார்களா என்று கேட்டாள்.

“அவ்வளவு வேகத்துல ஆளுங்க யாரும் தெரியாதும்மா. தண்டவாளம் மட்டுந்தான்.”

“எனக்குத் தெரிஞ்சுது,” என்றாள் அக்கா. “கண்ணாடிக் கூண்டுக்குள்ள ஒரு தலை எங்க பக்கம் திரும்புச்சு. நம்ம விமானம்னு எங்கம்மா கையாட்டினாங்க.”

கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பென்சில் நின்றது. எங்கே நின்றீர்கள் என்று விமானி மெதுவாகக் கேட்டார். அக்கா அந்தப் பஞ்சுப் புகைமேல் விரல் வைத்தாள். “இங்கதான். இவரு மூடி வெச்சிருக்காரு.”

அவளுக்கு உடம்பு சரியில்லை, மன்னிக்கணும் என்று அத்தான் குழைந்தார். விமானி கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்தார். பிறகு மீதி இருந்த எல்லாப் பிரதிகளிலும் ஒன்று விடாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து அக்கா அவருடைய கீழ்ப்பாதியைத் தொடவில்லை. அத்தான் கெஞ்சினார், கத்தினார், ஒரு வாரம் பேசாமல் இருந்தார். பிறகு அவர் விமானங்கள் எல்லாம் மேகத்துக்கு மேலே பறக்க ஆரம்பித்தன. தாழப் பறக்கும் தாக்குதல் என்று தலைப்பு வைத்துவிட்டு மேகத்தை அனுப்பினால் எந்தச் சங்கம் வாங்கும்? வேலை வருவது நின்றது.

அத்தான் வரைகிற அறையின் மறுமூலையில் அக்கா இப்போது அந்த நடைமேடையை வரைகிறாள். பயணச்சீட்டுக் கொடுப்பவர், மகளுக்குத் தலை வாரும் ஒருத்தி, பெட்டிமேல் உட்கார்ந்து தூங்குகிற கிழவர், அப்பா, அம்மா என்று ஒரே ஜனக்கூட்டம். மேலே ஒரு விமானம் போட்டுத் தரட்டுமா என்று அத்தான் கேட்டாராம்.

“உங்க வேலையப் பாருங்க” என்றிருக்கிறாள் அக்கா.

அவரும் போய் உட்கார்ந்து, யாரும் கேட்காத இறக்கைக்கு ஆணி அடித்துக்கொண்டிருக்கிறார்.