நான்சி உட்கார்ந்த பதினொரு நிமிடம்

ஆவூர் கோயிலில் ஞாயிறு பூசையில் நற்செய்தி வாசித்து முடித்து, பிரசங்கத்துக்கு எல்லோரும் உட்கார்ந்த பிறகும் ஒரு பெண் மட்டும் நின்றுகொண்டிருந்தால், அது நான்சி. பக்தி முற்றிவிட்டது என்று பங்குச்சாமியார் வெகுநாள் நினைத்திருந்தார். பக்தி இல்லை. பதினேழு வருடப் பழக்கம்.

புதுக்கோட்டை டவுனில் மூன்று மாடி ஜவுளிக்கடை ஒன்றின் பட்டுச்சேலைப் பிரிவில் அவருக்கு வேலை. காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் ராத்திரி ஒன்பது வரை நிற்க வேண்டும். சாப்பாட்டுக்கு இருபது நிமிடம். அதில் பாதி மாடிப்படியிலேயே போய்விடும். ரேக்கில் சாயக்கூடாது. சாய்ந்தால், கூரையிலிருக்கும் ஸ்பீக்கர் தள்ளுபடி விளம்பரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, "ரெண்டாம் ரேக், நேரா நில்லுங்க" என்று சொல்லும். கேமரா நான்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும். கேமராவில் தெரிவதை மேனேஜர் கார்முகில் பார்த்துக்கொண்டிருப்பார், உட்கார்ந்து.

தன் சொந்தத் தங்கச்சி கல்யாணத்தில் மண்டப வாசலில் நின்று, "வாங்க, என்ன ரேஞ்சுல பாக்குறீங்க?" என்று மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்டவரும் இதே நான்சிதான்.

ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை அது. போன சித்திரையில் அந்தச் சிரிப்பு நின்றது. கணுக்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு கிடந்த நரம்பு, நீலமாகி, வெடித்துப் புண்ணாகிவிட்டது. "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ பத்து நிமிசமாச்சும் உக்காருங்க. இல்லேன்னா இது ஆறாது, அப்புறம் காலுக்கு நான் பொறுப்பில்ல" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான்சியின் கணவர் டேவிட் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அதாவது நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பாக்கியவான். "கடையில நிக்கிறவங்களுக்கு உக்கார எடம் குடுக்கணும்னு சட்டமே போட்டுருக்காங்களாம்ல. போயி கேளு" என்றார். சட்டம் வந்து சில வருடங்கள் ஆகின்றன. அது ஆவூருக்கு டேவிட் மூலம்தான் வந்து சேர்ந்தது.

நான்சி கேட்டார். "சார், உக்கார ஒரு ஸ்டூல் கெடைக்குமா?"

"என்னக்கா இப்புடிக் கேட்டுட்டீங்க? நம்ம கடையில இல்லாததா!" என்றார் கார்முகில்.

உண்மைதான். மாடிப்படிக்குக் கீழே நான்கு ஸ்டூல்கள் இருந்தன, வாங்கிய நாளின் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். கூடவே ஒரு பதிவேடு. பெயர், உட்காரும் நேரம், காரணம், அனுமதித்தவர் கையெழுத்து, எழுந்த நேரம். கையெழுத்துப் போடுகிற கார்முகிலின் அறை மூன்றாம் மாடியில் இருக்கிறது. ஆக, உட்கார வேண்டுமென்றால் முதலில் நாற்பத்தாறு படி ஏற வேண்டும்.

நான்சி ஏறினார்.

"கஸ்டமர் இருக்கப்ப எப்புடிக்கா உக்காருவீங்க?"

"இல்லாதப்ப உக்கார்றேன் சார்."

"இல்லாதப்ப உக்காந்தா, நீங்க உக்காந்திருக்கதாலதான் கஸ்டமர் வரலைன்னு மொதலாளி சொல்லுவாருக்கா."

நான்சி நாற்பத்தாறு படி இறங்கினார்.

அடுத்த ஆச்சரியம் ஆடித் தள்ளுபடிக்கு முன் நடந்த பணியாளர் கூட்டத்தில். கார்முகில் அந்தப் பதிவேட்டைத் தூக்கிக் காட்டினார். ஒரு எழுத்துகூட இல்லை. அவர் குரல் தழுதழுத்தது. "ஒரு வருசமா ஒருத்தர்கூட உக்காரணும்னு கேக்கலைங்க. இதுதான் நம்ம குடும்பம்!" நாற்பத்து நான்கு பேர் கை தட்டினார்கள், நின்றபடி. நான்சியின் கைகளும் தட்டின. கால் வேண்டாமென்றது, கையை யார் கேட்டது?

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆய்வுக்குத் தொழிலாளர் துறை அலுவலர் ஒருவர் வந்தார். பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தார்கள். பழைய ஆள் என்பதால் நான்சியை ஸ்டூலில் உட்காரவைத்து, கார்முகிலே போட்டோ எடுத்தார்.

"போதுங்க்கா, எந்திரிங்க."

நான்சி எழவில்லை.

"அக்கா, போட்டோ எடுத்தாச்சு."

"கேட்டுச்சு சார்."

பக்கத்து ரேக்கில் அன்னவாசல் சிவரஞ்சனி மடித்துக்கொண்டிருந்த சேலையைக் கீழே போட்டுவிட்டாள். ஸ்பீக்கர் வாய் திறக்கவில்லை; அதில் பேசுகிறவர் இங்கே நின்றுகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு கஸ்டமர் வந்தார். "ரஞ்சனி, அந்த மாம்பழக் கலரை எடும்மா" என்று உட்கார்ந்தபடியே கேட்டு வாங்கி, விரித்துக் காட்டி, நான்சி விற்றும்விட்டார். உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று நம்பியிருந்த கார்முகிலுக்கு வியர்த்தது.

பிறகு நான்சி சேலையை நாலு விரல்கடை உயர்த்திக் கட்டுப்போட்ட காலை அலுவலருக்குக் காட்டினார். "சார், இந்த ஸ்டூல்ல நான் உக்கார்றது இன்னிக்குத்தான் மொத தடவ. எழுதிக்கங்க."

அலுவலர் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். "இதுல இருக்கை இருக்கா இல்லையான்னு மட்டுந்தாம்மா கேட்டிருக்கு."

"உக்கார விடுறாங்களான்னு கேக்கலையா?"

"அதுக்குக் கட்டம் இல்லம்மா."

'உள்ளது' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போனார். அவர் படியிறங்கும்வரை நான்சி உட்கார்ந்திருந்தது பதினொரு நிமிடம். சிவரஞ்சனி கணக்குப் பார்த்திருந்தாள்.

மறுநாள் வேலை போய்விடும் என்று கடையே எதிர்பார்த்தது. போகவில்லை. கொடுத்தார்கள் பதவி உயர்வை! 'வரவேற்பு இன்சார்ஜ்'. கடை வாசலில் கைகூப்பி நின்று, வருகிறவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட வேண்டும். அங்கே சாய்ந்துகொள்ள ரேக்கும் கிடையாது. பின்சுவரில், பெரிய கண்ணாடிச் சட்டத்துக்குள், ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் நான்சி. கீழே, 'எங்கள் பணியாளர்களுக்கு இருக்கை வசதி உண்டு' என்று தங்க எழுத்து. படத்துக்கடியில் அதே ஸ்டூல். அதன்மேல் ஒரு பூச்சாடி சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

இரண்டு வாரம் இப்படி. புண் உள்ளங்கையளவு ஆனது. ஒரு முகூர்த்த நாள் கூட்டத்தில் மீமிசலிலிருந்து வந்த அம்மா ஒருவர் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நீங்கதானே? உக்காந்த எடத்துலயே சம்பளமா? குடுத்து வச்சவங்க!"

"ஆமாங்க. மொத்தம் பதினொரு நிமிசம்" என்றார் நான்சி. பூச்சாடியைத் தூக்கினார். "இதக் கொஞ்சம் பிடிங்க."

அந்த அம்மா என்ன ஏதென்று தெரியாமல் வாங்கிக்கொண்டார். நான்சி ஸ்டூலில் உட்கார்ந்து, காலை நீட்டி, கைகூப்பி, வந்துகொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்து "வாங்க, வாங்க" என்றார்.

உள்ளே ஸ்பீக்கர் தள்ளுபடி விளம்பரத்தைப் பாதியில் நிறுத்தியது. நான்சிக்குப் பன்னிரண்டாவது நிமிடம் ஓடத் தொடங்கியிருந்தது.