உள்ளே செருகிய வார்

இலங்கை மலையூரான எல்லவுக்கு வரும் பயணிகளைக் குளத்தில் கயாக் படகு ஓட்ட அழைத்துப்போவது என் வேலை. அனுபவசாலி என்ற திமிரில், புதிதாக வாங்க இருந்த படகுகளில் மிக ஒடுங்கிய, வேகமானதைத் தேர்ந்தெடுத்து ஓட்டிப் பார்த்தேன். தண்ணீர் புகாமல் இடுப்போடு படகை மூடும் உறையில் ஒரு வார் தொங்கியது. அம்மா தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்குத் துணியின் நுனியைச் செருகுவதுபோல, அதையும் உள்ளே செருகிவிட்டேன்.

நடுக்குளத்தில் படகு கவிழ்ந்தது. தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்கினேன். அந்த வாரை இழுத்தால்தான் உறை கழலும். விரல்கள் தடவித் தடவித் தேடின. கால்களை அசைக்க இடமில்லை. மூச்சு முடிந்துகொண்டிருந்தது.

இன்னொரு படகில் கூட வந்த செல்வி அக்காதான் படகைப் புரட்டி நிமிர்த்தினார்.

"வார் எங்கடா?"

"படங்கு மாதிரி செருகிட்டேன்க்கா."

"மலைக்குக் கொழுந்தெடுக்கவா வந்த?"

இப்போது யாராவது வேகமான கயாக் கேட்டால், தரையிலேயே படகில் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு வாரைத் தேடி இழுத்து வெளியே வரச் சொல்கிறேன்.