வெப்சைட் வாசலில் ஒரு பூதம்

2005-ஆ, 2006-ஆ என்று சரியாக நினைவில்லை. தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் இருந்த காலம். திருவொற்றியூரில் ரயில்வே கேட்டைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் ஷெட். கப்பலில் வெளிநாடு போகிற இயந்திரங்களுக்கு மரப்பெட்டி அடித்துக் கொடுப்பது தொழில். நாலு தச்சர்கள், அவர்களுக்கு மேல் ஒரு மேஸ்திரி, எல்லாருக்கும் மேலே ஒரு ஆணிகூட நேராக அடிக்கத் தெரியாத முதலாளியாக நான்.

எங்களுக்கு வேலை கொடுத்தது பெரும்பாலும் ஒரே கம்பெனி, எண்ணூர் பக்கம். அவர்கள் பெட்டி கேட்பார்கள், இவர்கள் அடிப்பார்கள், நான் மத்தியானம் தூங்குவேன். நிம்மதியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் அந்தக் கம்பெனியில் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து, "அடுத்த வருஷம் நாங்க ஒரகடம் பக்கம் போறோம் சார். பெட்டிக்கு அங்கேயே ஆள் பார்த்துக்குவோம்" என்றார்கள். டீயில் சர்க்கரை இருந்ததா இல்லையா என்றே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "பெட்டி வேண்டாம், பேசாம இட்லிக் கடை போட்டுடலாம்" என்றேன்.

"இட்லி யார் சுடுறது?"

"நீதான்."

அந்தத் திட்டம் அத்தோடு முடிந்தது.

அப்போதுதான் எங்கள் தெருமுனை மாஸ்டர் இந்தக் கதைக்குள் வந்தார். ரொம்ப வருஷம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர். மெஷின்களையெல்லாம் காயலான் கடையில் போட்டுவிட்டு கம்ப்யூட்டர் வாங்கி அதே இடத்தைப் பிரவுசிங் சென்டர் ஆக்கியிருந்தார். ரெண்டும் விரலால் தட்டுகிற தொழில்தானே என்பார். "ஒரு வெப்சைட் போடுங்க. நீங்க தூங்கினாலும் அது முழிச்சிருக்கும்" என்றார். எனக்குத் தெரிந்து என்னை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டு யாரும் யோசனை சொன்னதில்லை. உடனே சரி என்றேன்.

வெப்சைட் தயாரானது. எங்கள் பக்கத்தில் பெட்டிக்கடை திறந்தாலும் பூஜை போடாமல் திறக்கமாட்டோம். மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம், மௌசுக்கு ஒரு முழம் பூ, சென்டர் வாசலில் பூசணிக்காய். கற்பூரத் தட்டை மானிட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோனபோது மாஸ்டர், "பிளாஸ்டிக், பிளாஸ்டிக்!" என்று அலறியதைத் தவிர எல்லாம் மங்களகரமாகத்தான் நடந்தது.

மேஸ்திரி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு யோசனையோடு நின்றார்.

"இத்த எத்தினி பேரு பார்ப்பாங்க நைனா?"

"உலகமே பார்க்கும்" என்றேன் பெருமையாக.

"உலகமே பாக்கும்ன்ற. ஒரு திருஷ்டி பொம்மைகூட மாட்டாம தொறந்து வச்சிகீற. வூட்டுக்கு மாட்றோம், ஷெட்டுக்கு மாட்டிகீறோம். இதுக்கு வாணாமா? ஊரு கண்ணு பட்டா பேஜாராப் பூடும், ஆமா."

யோசித்துப் பார்த்தேன். ஷெட்டை இந்தத் தெரு மட்டும்தான் பார்க்கிறது, அதற்கே கேட்டில் ஒரு பூதம் மாட்டியிருக்கிறோம். இதை அமெரிக்காக்காரனெல்லாம் பார்க்கப் போகிறான். மேஸ்திரி சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. மாஸ்டருக்கும் பட்டது. படித்தவர், அவராவது தடுத்திருக்கலாம். ஆனால் அவருக்குள் இருந்த கலைஞன் விழித்துக்கொண்டான். "கண்ணைச் சிமிட்ட வைக்கலாம். சிரிக்கக்கூட வைக்கலாம்" என்றார்.

கடையில் விற்கிற பூதப் படம் ஒன்றை வாங்கி ஸ்கேன் செய்தார். கொம்பு, முட்டைக்கண், மீசை, மார்புவரை தொங்கும் நாக்கு. சிரிப்புக்கு மேஸ்திரியையே மைக் முன்னால் உட்காரவைத்தோம். வெப்சைட்டைத் திறந்தால் முதலில் திரை கறுப்பாகும். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. திடீரென்று பூதம் கண்ணைத் திறந்து, "ஹா! ஹா! ஹா!" என்று சிரிக்கும். அதன் நாக்கில் தட்டினால்தான் உள்ளே போகமுடியும். நாக்கில் தட்டவேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. எங்களுக்குத்தான் தெரியுமே!

எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டுகிற கவுண்டர் ஒன்று இருந்தது. அது தினமும் ஏறியது. ஆனால் போன் மட்டும் அடிக்கவில்லை. ஆள் வருகிறது, கூப்பிடமாட்டேன் என்கிறது. அப்படியென்றால் அழகு போதவில்லை என்று முடிவு செய்து வெப்சைட்டை மேம்படுத்த ஆரம்பித்தேன். உள்ளே சுற்றுகிற உலக உருண்டை வைத்தோம். இதழ் விரிக்கிற ரோஜா வைத்தோம். பறக்கிற தேசியக் கொடி வைத்தோம். கோட்டு போட்ட என்னுடைய கல்யாண போட்டோவையும் வைத்தோம். இத்தனைக்கும் பிறகு ஒரே ஒரு போன் வந்தது. ராயபுரத்திலிருந்து ஒருவர், சவப்பெட்டி செய்வீர்களா என்று கேட்டார். அவரும் வெப்சைட் பார்த்துக் கூப்பிடவில்லை.

இதற்கிடையில் எண்ணூர் கம்பெனி வேலை குறைந்துகொண்டே வந்தது. தச்சர்களில் ஒருவர் அம்பத்தூரில் வேலை சொல்லி வைத்திருக்கிறார் என்று காதில் விழுந்தது. மற்றவர்கள் சொல்லவில்லை, ஆனால் ஷெட்டில் சுத்தியல் சத்தத்தைவிடக் கிசுகிசு அதிகமாகக் கேட்டது. எனக்கு மத்தியானத் தூக்கம் போனது. இதைச் சொன்னால்தான் நிலைமை எவ்வளவு மோசம் என்று என் வீட்டில் நம்புவார்கள்.

அப்படி ஒரு காலை வேளையில் போன் அடித்தது. ஒரு பெண் குரல். ராயபுரத்தில், ஹார்பருக்குப் பக்கத்தில், சரக்கு ஏற்றுமதிக்கான பேப்பர் வேலை செய்கிற ஆபீஸ்.

"பெட்டி கம்பெனிதானே? உங்க வெப்சைட்டைத் திறந்தோம், எங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்துடுச்சு. எல்லாத்தையும் நிறுத்தி வச்சிருக்கோம். மேனேஜர் உங்களை உடனே வரச்சொல்றாரு."

வைரஸ் விட்டவனைப் போலீஸ் பிடித்தது என்று எங்கேயோ படித்தது ஞாபகம் வந்தது. எந்த ஊர், எத்தனை வருஷம் உள்ளே என்பதெல்லாம் ஞாபகம் வரவில்லை. அதையெல்லாம் என் பயம் நிரப்பிக்கொண்டது. போனை வைத்ததும் வியாசர்பாடியில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாமா என்று யோசித்தேன். மனைவியைக் கூப்பிட்டு, "நான் வரலைன்னா பீரோ சாவி சாமி படத்துக்குப் பின்னாடி இருக்கு" என்றேன்.

"அதை அங்க வச்சதே நான்தான். போய்ட்டு வாங்க" என்றாள்.

சாட்சிக்கு மேஸ்திரியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டேன். அவரோ காற்று வாங்கப் போகிறவர் மாதிரி வந்தார். "இன்னாத்துக்கு இப்டி நடுங்கினு வர்ற? குண்டா வச்சே? பூதந்தானே வச்சே!" என்றார். டோல்கேட்டிலிருந்தே கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. மற்ற நாளென்றால் அந்த வரிசையைத் திட்டித் தீர்ப்பேன். அன்றைக்கு, அது இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கக்கூடாதா, சாயந்திரம்வரை இங்கேயே மாட்டிக்கொள்ளக்கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். நான் கேட்டு ஒரு தடவைகூட கொடுக்காத ஆண்டவன் அன்றைக்கும் கொடுக்கவில்லை. சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டோம்.

ஆபீஸ் மாடியில் இருந்தது. உள்ளே போனால் எல்லா கம்ப்யூட்டர்களையும் துணி போட்டு மூடியிருக்கிறார்கள். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். ஆபீசே எழுந்து சுவரோரம் நின்றது. மேனேஜர் கொதித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே கொடுக்கவேண்டிய கப்பல் பேப்பர்கள் எல்லாம் உள்ளே மாட்டியிருக்கிறதாம். கம்ப்யூட்டர் பார்க்கிறவர் பாரிமுனையிலிருந்து கிளம்பிவிட்டார், ஆனால் வழியில் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டாராம். நான் வேண்டிக்கொண்ட வரிசையை அவருக்குக் கொடுத்திருக்கிறார் ஆண்டவன்.

"எதுக்குய்யா இப்படிப் பண்ணினீங்க? யார் சொல்லிப் பண்ணினீங்க?" என்று மேனேஜர் கேட்டார்.

"சார், அது வைரஸ் இல்ல சார்" என்றேன். "பூதம் சார்."

நிலைமை இன்னும் மோசமானது. ஒருவர் வாசலைப் போய் மறித்துக்கொண்டார்.

மேஸ்திரி பார்த்தார். இது முதலாளியை நம்பி விடுகிற காரியம் இல்லை என்று முன்னால் வந்தார். "சார், கம்ப்யூட்டர்ல சிரிச்சுதே ஒண்ணு, அது நான்தான் சார்" என்றார். யாரும் நம்பவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணை உருட்டி, அந்த ஆபீஸ் நடுவில் நின்று, "ஹா! ஹா! ஹா!" என்று சிரித்தார்.

காலையில் கேட்ட அதே சிரிப்பு. மேனேஜர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். அப்புறம் மூலையிலிருந்து ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அடக்கமுடியாமல் மேஜையில் சாய்ந்து சிரித்தார். எனக்குப் போன் செய்தவர் அவர்தான் என்று குரலில் தெரிந்தது.

"சார், திருஷ்டி பொம்மை சார் அது! எங்க வூட்டு வாசல்லயும் இதே மூஞ்சிதான் தொங்குது. தினம் அதுகிட்டத்தான் செருப்பு கழட்டுறேன். கம்ப்யூட்டர்ல பாத்ததும் அடையாளமே தெரியலை" என்றார்.

அவரே போய் பிளக்கைச் சொருகினார். மேனேஜர் "வேணாம்மா, வேணாம்மா" என்றார். கம்ப்யூட்டர் ஓடியது. கப்பல் பேப்பர்கள் போட்டது போட்டபடி இருந்தன. எல்லாருக்கும் மூச்சு வந்தது. எனக்கும் வந்தது. அதோடு நழுவியிருக்கலாம். ஆனால் அந்த அம்மா ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டு, வெப்சைட்டை மறுபடி திறந்தார். "உள்ள எப்படி சார் போறது?" என்றார்.

"நாக்குல தட்டுங்க மேடம்."

ஆபீசே குனிந்து பார்த்தது. உலகம் சுற்றியது. ரோஜா விரிந்தது. கொடி பறந்தது. கோட்டில் நான் வந்தேன். அவர் பக்கத்தை மேலே தள்ளினார், கீழே தள்ளினார். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"சார், எனக்கு ஒரு பெட்டி வேணும்னு வச்சுக்குங்க. இதுல பெட்டி எங்க?"

பெட்டி இல்லை. பெட்டிக் கம்பெனி வெப்சைட்டில் எல்லாம் இருந்தது, பெட்டி மட்டும் இல்லை. போன் நம்பர் கொடிக் கம்பத்துக்குக் கீழே எறும்பு சைசில் இருந்தது. என் நம்பரை அவர் டெலிபோன் டைரக்டரியில்தான் தேடி எடுத்திருக்கிறார். அன்றைக்குக் காலையில் அவர் நிஜமாகவே ஒரு பெரிய மெஷினுக்குப் பெட்டி அடிக்கிற ஆள்தான் தேடியிருக்கிறார். பூதம் சிரித்ததும் அந்த வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். மேனேஜர், "முதல்ல அந்தப் பூதத்தை எடுங்க" என்று சொல்லி எங்களை அனுப்பினார்.

படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். அதே அம்மா. சாப்பாட்டு நேரம், கையில் டிபன் பாக்ஸ்கூட இருந்தது. காலையில் அவரை அந்த அலறல் அலறவைத்தவன் நான். அவருக்கு என்னிடம் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் இறங்கி வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். பெட்டிக்காரங்களைத் தேடுறதே என் வேலை, அதான் சொல்றேன். நீங்க ரோஜா வச்சா எனக்கு இன்னா, வைக்காட்டி இன்னா? பூச்சி சாக மரத்தைச் சூடு காட்டி முத்திரை குத்துவீங்களா, அது இல்லாட்டி வெளிநாட்டுல இறக்கவிட மாட்டான். ஞாயித்துக்கிழமை போனை எடுப்பீங்களா, கப்பலுக்கு ஞாயிறு திங்கள் கிடையாது. ரயில்வே கேட்டு மூடினா லாரி எந்தப் பக்கமா வரணும். இதைத்தான் சார் தேடி வர்றோம்." கொஞ்சம் யோசித்து, மேஸ்திரியைக் காட்டினார். "அப்புறம் பெட்டி பக்கத்துல ஒரு ஆளை நிக்க வச்சு போட்டோ புடிச்சுப் போடுங்க. அடிக்கணக்கு சொன்னா எங்களுக்குப் புரியாது, ஆள் நின்னா சைசு புரியும். இவரையே நிக்க வைங்க." ரெண்டு படி ஏறியவர் திரும்பி, "சிரிக்க மட்டும் வேணாம்" என்றார்.

மாஸ்டர் பூதத்தை எடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கமுடியவில்லை. உலகம், ரோஜா, கொடி, கோட்டு எல்லாம் போனது. மேஸ்திரி தலைக்கு டை அடித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பெட்டிமேல் ஒரு கையை வைத்து, சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். போன் நம்பர் எல்லாவற்றுக்கும் மேலே, பெரிசாக. அந்த அம்மா படிக்கட்டில் கேட்டதற்கெல்லாம் ஒவ்வொரு வரி பதில். அவ்வளவுதான் வெப்சைட். பார்க்க மொட்டையாக இருந்தது.

சில வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பூதத்தை எடுத்ததால்தான் கண்பட்டுவிட்டது என்று மேஸ்திரி சொல்ல ஆரம்பித்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்த நேரம், போன் அடித்தது. ஓசூரிலிருந்து ஒருவர்.

"வெப்சைட்ல பெட்டி பக்கத்துல ஒருத்தர் நிக்கிறாரே, அவர் உயரம் எவ்வளவு சார்?"

"ஏன் சார், அவர் ஏதாவது பண்ணிட்டாரா?" என்றேன்.

"இல்ல சார், எங்க மெஷின் என் தோள் உயரம் இருக்கு. அந்தப் பெட்டி பத்துமான்னு பார்க்கிறேன்."

லைனில் இருக்கச் சொல்லிவிட்டு, பக்கத்துத் தெருவில் இருந்த மேஸ்திரி வீட்டுக்கு டேப்போடு ஓடினேன். அவர் கதவு நிலையில் முதுகை ஒட்டி விறைத்து நின்று, "செருப்பைக் கயட்டவா நைனா?" என்று கேட்டார். அஞ்சடி நாலு அங்குலம். மூச்சிரைக்க வந்து சொன்னேன். அந்த மனிதர் அவ்வளவு நேரமும் லைனிலேயே இருந்தார். பெட்டி கேட்டார். அடுத்த மாசமும் கேட்டார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். அம்பத்தூர் போக இருந்த தச்சர் போகவில்லை. ராயபுரத்து அம்மாவும் ஒருநாள் போன் செய்தார். ஹலோகூட சொல்லவில்லை, "பூதம் போயிடுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆர்டரைச் சொன்னார்.

அதற்கப்புறம் வெப்சைட் எத்தனையோ தடவை மாறிவிட்டது. ஒவ்வொரு தடவையும் புதிதாகச் செய்ய வருகிறவர்கள், மேஸ்திரி நிற்கிற இந்த போட்டோ பழசாக இருக்கிறது, எடுத்துவிடலாம் என்பார்கள். நான் விடமாட்டேன். பூதம் ஷெட் கேட்டில், அதற்குரிய இடத்தில், தன் வேலையைப் பார்த்துக்கொண்டு தொங்குகிறது. எதைப் புதிதாகச் செய்தாலும் "பெட்டி எங்க?" என்று எனக்குள் ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன், அன்றைக்கு மட்டும் பயந்துபோய் அக்கா வீட்டில் படுத்திருந்தால் இந்தக் கேள்வி எனக்குக் கிடைத்தே இருக்காது என்று நினைக்கும்போது சிரிப்பு வருகிறது, மேஸ்திரி மாதிரி இல்லை, கொஞ்சம் அடக்கமாக.